கொஞ்சம் தள்ளி நில்லு, தம்பி

சிங்கப்பூர் போய்வந்த நடுத்தர வர்க்கத் தமிழனிடம் மூன்று மாதத்துக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டைத் தேடுவான். டீக்கடை வாசலில் காலிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, குப்பைத்தொட்டி எங்கே என்று கடைக்காரர் காதுபடத் திரும்பத் திரும்பக் கேட்பான். எந்தப் பேச்சும் ‘அங்கெல்லாம்’ என்று தொடங்கும், ‘நம்ம ஜனங்க திருந்தாது’ என்று முடியும். நடுவில் மெட்ரோ, மழைநீர் வடிகால், கல்யாணச் சாப்பாடு என்று எது வேண்டுமானாலும் வரலாம். இந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. அடுத்த முறை துபாய் போய்வந்தால் பழையது இறங்கிப் புதியது ஏறும், அவ்வளவுதான்.

இந்தக் காய்ச்சல் ஒரு மனிதருக்கு ஏறுவதைப் பக்கத்திலேயே இருந்து பார்க்கும் பேறு எனக்கு வாய்த்தது. கல்லூரி நண்பர். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பெயரைச் சொல்ல மாட்டேன். அவரிடம் லெட்டர்பேட் இருக்கிறது, நோட்டீஸ் அனுப்புவார். செயலாளர் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய பிளாக்கில் இரண்டு லிஃப்ட். ஒன்று குடியிருப்பவர்களுக்கு. இன்னொன்று, கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பின்படி, ‘வளர்ப்பு நாய்கள், பொருள்கள், வேலையாட்கள்’ ஆகியோருக்கு. அந்த வரிசை நான் போட்டதல்ல. பொதுக்குழுவில் விவாதித்துப் போட்டது.

சனி ஞாயிறோடு லீவைச் சேர்த்து சிங்கப்பூருக்கு ஒரு சின்ன ட்ரிப் என்றார். அவருக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அந்தச் சமயம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் தினமும் இருக்கிறதே, இங்கிருந்தே ஏறிவிடலாம் என்றேன். முகம் சுளித்தார்.

“அந்த ஃப்ளைட்ல பூரா லேபர்டா. ஏறினதும் ஒரே சத்தம். இறங்கறப்ப அட்டைப்பெட்டி, போர்வை, கோடாலித் தைலம். ஃபாரின் போற ஃபீலே வராது.”

ஃபாரின் போகிற ஃபீலுக்காகத் திருச்சியைத் தாண்டி முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சென்னைக்கு வந்து விமானம் ஏறினோம்.

சாங்கியில் இறங்கியதும் ஜுவல் என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். 2019-இல் திறந்தது. கூரையிலிருந்து, 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று ஒருமுறை சண்டை போட்டவர் இவர். யாரோடு போட்டார் என்பது இன்றுவரை தெரியாது. இங்கே அருவியில் குளிக்க முடியாது, தொட முடியாது, கைப்பிடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். “இதுதான்டா டிசிப்ளின்” என்றார்.

டாக்சியில் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, பெல்ட் போடச் சொன்னார். சிங்கப்பூரில் பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம். போடாத பயணிக்கு 120 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அபராதம். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளுக்குச் சொந்தக் காரில் தனி இருக்கை வேண்டும். சென்னையில் பெல்ட் கொக்கியை முதுகுக்குப் பின்னால் மாட்டி, காரின் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றி ஓட்டுகிற என் நண்பர், இங்கே பய பக்தியோடு பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, “உயிருக்கு மரியாதை கொடுக்கிற நாடு” என்றார்.

அதைச் சொல்லி முடிக்கவும் பக்கத்து வரிசையில் ஒரு லாரி வரவும் சரியாக இருந்தது. பின்னால் திறந்த தொட்டி. அதில் பதினைந்து பேருக்குக் குறையாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸ் காலை மடக்கி, பக்கத்து ஆள் தோளில் தலை சாய்த்துப் பாதிப் பேர் தூக்கம். சிலர் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய சாப்பாடு. பெல்ட் இல்லை. மாட்ட இருக்கையே இல்லை. எத்தனை பேர் ஏறலாம் என்று மட்டும் லாரிக் கதவில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த நாட்டில் எதையும் எழுதாமல் செய்ய மாட்டார்கள்.

நம் ஊரில் லாரியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். நடைமுறையில் அதற்குப் பெயர் மாநாடு. அங்கே அப்படியில்லை. சரக்கு வாகனத்தில் மனிதரை ஏற்றக் கூடாது என்று பொதுவாகச் சட்டம் போட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கொண்டுபோகிற லாரிக்கு மட்டும் அதே சட்டத்தில் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2021-இல் நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் லாரியில் போன தொழிலாளிகள் இறந்தார்கள். பேருந்தில் அழைத்துப் போங்கள் என்று சமூக அமைப்புகள் கூட்டாகக் கேட்டன. 2023 ஆகஸ்டில் தொழிலதிபர் சங்கங்கள் பதில் சொல்லின: அப்படிச் செய்தால் சாலையில் நெரிசல் கூடும், செலவு ஏறும். வீடு, மருத்துவமனை, ரயில் பாதை வேலையெல்லாம் தாமதமாகும், இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவராது என்று அரசும் சொன்னது. கடலை மண்ணால் நிரப்பி நிலமாக்கிய அரசு. கட்டடத்துக்குள் அருவி கொட்ட அனுமதித்த அரசு. லாரிக்குப் பதிலாகப் பேருந்து என்றதும் பொறியியல் அங்கே கை விரித்துவிட்டது.

செயலாளரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். சாலை நடுவில் வளர்த்திருக்கும் காகிதப் பூச்செடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மதியம் ஹாக்கர் சென்டர் என்ற பொது உணவுக்கூடத்தில் சாப்பாடு. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் உரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021-இலிருந்து அது கட்டாயம். செயலாளர் தட்டை ஏந்திக்கொண்டு போய் வைத்தார். வைக்கிறபோது என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். அன்றைக்கே குடும்ப வாட்ஸாப் குழுவில் அது போனது. ‘செல்ஃப் டிசிப்ளின்’ என்று தலைப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவர் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டிருக்கும் அவருடைய மனைவி அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். கட்டைவிரலுக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று செயலாளருக்குத் தெரியாது.

அப்புறம் மரீனா பேயில் இருக்கும் ஹோட்டல். மூன்று கோபுரம், தலைக்கு 55 மாடி, உச்சியில் கப்பல் போல ஒரு தளம், அதில் நீச்சல் குளம். கீழே சூதாட்ட விடுதி. உள்ளூர்க்காரர் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம். தன் குடிமக்கள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிற அரசு, அடுத்த வீட்டுக்காரன் கெட்டுப்போவதைச் சுற்றுலா வருமானத்தில் சேர்த்திருக்கிறது. ஒழுக்கத்தில்கூடக் கணக்குத் தப்பாத ஊர். அங்கிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் பக்கம் வந்தோம். வெள்ளை வெளேர் என்று நிற்கிறது.

“வெள்ளைக்காரன் கட்டினது பாருடா, என்ன ஃபினிஷிங்!”

கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். கிழக்கிந்தியக் கம்பெனியும் பிறகு பிரிட்டிஷ் அரசும் இங்கிருந்து கப்பலேற்றி அனுப்பிய தண்டனைக் கைதிகள்தான் 1825-இல் தொடங்கி 1873 வரை அந்த ஊரின் சாலைகளை வெட்டினார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். 1861-இல் முடிந்த இந்தத் தேவாலயமும், 1869-இல் முடிந்த, இன்றைக்கு அதிபர் மாளிகையாக இருக்கிற இஸ்தானாவும் அவர்கள் கைவேலை. செயலாளர் வியந்த அந்த ‘ஃபினிஷிங்’குக்குப் பெயரே மெட்ராஸ் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியது. சொன்னேன். “அப்பவே நம்ம ஆளுங்க லேபர்தானா?” என்று சலித்துக்கொண்டார். வரலாறு அவருக்கு ஒரு ப்ரமோஷன் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம்.

விடுதிக்குத் திரும்பினால் அறை சின்னதாக இருக்கிறது என்று வரவேற்பில் தகராறு. “ரெண்டு பேர் பொட்டி வைக்க எடமில்ல, இதென்ன பொந்தா?” சிங்கப்பூரில் 2021-க்குப் பிறகு கட்டப்படும் தொழிலாளர் விடுதிகளில், டார்ம் என்பார்கள், ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, தலைக்கு 4.2 சதுர மீட்டர் வேண்டும். இது முன்னேற்றம். பழைய டார்ம்கள் 2030-க்குள் தலைக்கு 3.6-ஐ எட்டினால் போதும். ஒரு கட்டில், அதன் மேல் இன்னொரு கட்டில், சட்டை மாட்ட ஆணி. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட வரவேற்பறைக்குப் போய்ப் பொந்து என்று சொல்ல முடியாது. சொன்னால் வேலைப் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு விமானம் ஏற்றிவிட முதலாளிக்கு முடியும். அவர் ஏறுகிற விமானம் அநேகமாகத் திருச்சிக்குத்தான் போகும்.

செயலாளருக்குப் பிடித்திருக்கக்கூடிய ஒரு கதையும் அந்த ஊரில் உண்டு. 2008-இல் செரங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியான பேட்டையில் காலியாக இருந்த பள்ளிக் கட்டடத்தைத் தொழிலாளர் விடுதியாக்க அரசு நினைத்தது. குடியிருப்பவர்கள் திரண்டு மனுக் கொடுத்தார்கள். பாதுகாப்பு, நெரிசல், சொத்து மதிப்பு. அரசு பின்வாங்கவில்லை, விடுதி வந்தது. ஆனால் அங்கே தங்குகிறவர்கள் பேட்டைக்குள் நடந்து போகாதபடி தனியாக ஒரு சாலை போட்டுக் கொடுத்தது. நம் அடுக்ககத்தில் தனி லிஃப்ட் வைத்தோம். அவர்கள் தனிச் சாலையே போட்டார்கள். வளர்ந்த நாடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். அங்கே உழைக்கிற நம்மவர்கள் அதைத் தேக்கா என்பார்கள். அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு. ரேஸ் கோர்ஸ் ரோடு ஓரத்துப் புல்வெளியில், கடை வாசல்களில், மேம்பாலத்தின் அடியில், நடைபாதைத் திட்டில், எங்கே பார்த்தாலும் வட்டம் வட்டமாக ஆண்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் தெரு முனை வரை வரிசை. வீடியோ காலில் பிள்ளைக்குச் சேட்டை காட்டிக்கொண்டு ஒருவர். பக்கத்திலேயே இன்னொருவர், “நகைய மூட்டுட்டியா இல்லியா, அத மட்டும் சொல்லு” என்று தாழ்ந்த குரலில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

செயலாளர் நின்றுவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

“என்னடா இது, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு. காசு செலவு பண்ணி இதப் பாக்கவா வந்தோம்?”

பிறகு சுதாரித்துக்கொண்டு, கெர்பாவ் ரோட்டில் இருக்கும் டான் டெங் நியா வீட்டைக் கண்டுபிடித்தார். 1900-இல் ஒரு சீன வியாபாரி கட்டியது. கதவுக்கு ஒரு நிறம், ஜன்னலுக்கு ஒரு நிறம் என்று அள்ளிப் பூசியிருப்பார்கள். படம் எடுக்காமல் யாரும் நகர மாட்டார்கள். முன்னால் நின்று தலை கோதிக்கொண்டார். பின்னால் சுவரோரம் ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். துவைத்து மடித்த கோடு போட்ட சட்டை. தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்து, “அண்ணே, ஊருலேருந்தா வாறீங்க? மழ பேஞ்சுச்சா?” என்றார்.

“தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு. பேக்ரவுண்ட்ல வர்ற.”

அவர் தள்ளி நின்றார். தள்ளி நிற்பதில் அவருக்குப் பயிற்சி போதாது என்று யாரும் குறை சொல்ல முடியாது.

அவரைப் போன்றவர்களைத் தள்ளி நிற்கவைக்கும் கலையில் அந்த ஊர் எடுத்த சிரத்தையைச் சொல்ல வேண்டும். நாங்கள் நின்ற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் 2013 டிசம்பர் 8 இரவு புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் ஒருவர், 33 வயது, கட்டடத் தொழிலாளி, பேருந்துச் சக்கரத்தில் சிக்கிச் செத்தார். தொழிலாளிகளை டார்முக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பேருந்து. கூட்டம் கொதித்தது, போலீஸ் வண்டியும் ஆம்புலன்சும் எரிந்தன. 1969-க்குப் பிறகு அந்த நாடு பார்த்த முதல் கலவரம். 57 பேரை ஊருக்கு அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. விபத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள், குடிபோதை அதை ஊதிவிட்டது; வேலை நிலைமையோ இருப்பிட நிலைமையோ காரணமல்ல என்று அது முடிவு சொன்னது. கோபம் வர வேண்டுமானால் குடித்திருக்க வேண்டும். தெளிவாக இருக்கிற தொழிலாளிக்குக் கோபப்பட ஒன்றுமில்லை.

நோய் மது என்று கண்டுபிடித்தாகிவிட்டது; மருந்து 2015-இல் வந்தது. தீவு முழுவதும் இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியா கட்டுப்பாட்டு மண்டலம் என்பதால் அங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை கூடவே கூடாது. கூரைத் தோட்ட மதுக்கூடத்தில் கண்ணாடிக் கோப்பையில் குடிப்பது பண்பாடு. புல்வெளியில் உட்கார்ந்து டின்னில் குடிப்பது பொது ஒழுங்குப் பிரச்சினை. செயலாளர் முந்தைய நாள் இரவு பண்பாட்டில் சற்று அதிகமாகவே மூழ்கியிருந்தார். நான்தான் தாங்கிப் பிடித்து லிஃப்டில் ஏற்றினேன். எந்தக் குழுவும் விசாரிக்கவில்லை.

பிறகு 2020, கொரோனா. ஏப்ரலில் டார்ம்களைத் தனிமைப் பகுதியாக அறிவித்துப் பூட்டினார்கள். டார்ம்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அரசின் தினசரி அறிக்கையில் கணக்கு இரண்டாக வரும்: ‘சமூகத்தில்’ இத்தனை பேர், ‘விடுதிகளில்’ இத்தனை பேர். சமூகத்தில் எண்ணிக்கை குறைந்த நாளெல்லாம் நல்ல நாள். சமூகம் கடைக்கும் சினிமாவுக்கும் போகத் தொடங்கிய பிறகும் விடுதிக்காரர்கள் வேலைக்கும் விடுதிக்கும் நடுவில்தான். ஒருவழியாக 2022 ஜூனில், டார்மைவிட்டு வெளியே போக எடுக்க வேண்டியிருந்த பாஸை நீக்கினார்கள். நீக்கிய கையோடு இன்னொரு பாஸ் கொண்டுவந்தார்கள். டார்மில் இருப்பவர் ஞாயிறு, விடுமுறை நாட்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஒரு நாளைக்கு 80,000 பேருக்குத்தான் இடம்.

அதாவது, டிக்கெட் வாங்கி வருகிற செயலாளர் லிட்டில் இந்தியாவுக்குள் நினைத்த நேரத்தில் நுழையலாம். இந்தியாவிலிருந்து வந்து, அந்த ஊரைக் கட்டிக்கொண்டிருப்பவர் லிட்டில் இந்தியாவுக்குப் போகப் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது.

தள்ளி நின்ற தம்பியோடு நான் பேசிக்கொண்டிருந்தேன். அறந்தாங்கிப் பக்கம். சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வுக்குப் பயிற்சி தரும் சென்டரில் மாதக்கணக்கில் இருந்து டெஸ்ட் அடித்து வந்தவர். ஏஜெண்டுக்குக் கொடுத்தது வட்டிக்கு வாங்கிய பணம். முதல் வருஷம் முழுக்க அதற்கே போனது. “பேசிக் ஒரு நாளைக்கு இருபது வெள்ளிண்ணே. ஓடி, அதான் ஓவர்டைம், கெடச்சாத்தான் காசு.” பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அங்கே இல்லை. ஆனால் அவரை வேலைக்கு வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய லெவிக்குச் சட்டம் இருக்கிறது. கட்டுமானத் துறையில் தொழிலாளியின் திறனைப் பொறுத்து 500 வெள்ளி அல்லது 900 வெள்ளி, 2024 ஜனவரியிலிருந்து. ஞாயிறு போக இருபத்தாறு நாள் இருபது வெள்ளி என்றால் 520. ஆக, அறந்தாங்கிக்காரர் உடம்பை வளைத்தால் அதில் அவருக்கு அடிப்படையாகக் கிடைப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ, உடம்பை வளைக்காத அரசுக்கும் கிடைக்கிறது. நம் ஊர்க் கட்டிங், கமிஷனையெல்லாம் எண்ணி நான் வெட்கப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது; நாம் ரசீது கொடுப்பதில்லை என்பதுதான் வித்தியாசம் போலிருக்கிறது.

எத்தனை வருஷம் உழைத்தாலும் மனைவி பிள்ளையைக் கூட்டிவர அந்தப் பெர்மிட்டில் வழி கிடையாது. உள்ளூர்ப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். அம்மா அப்பா சம்மதத்துக்கே தலைகீழாக நிற்கிற சமூகத்திலிருந்து போனவருக்கு அமைச்சகத்தின் சம்மதம் வேறு.

“அப்புறம் ஏன் தம்பி இங்க?” என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். சுற்றுலாக்காரன் கேட்கிற கேள்வி அது.

“ஊருல இதுவும் இல்லியேண்ணே.”

சிங்கப்பூரிலேயே இதையெல்லாம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். காயம்பட்டு, வழக்கு நடத்திக்கொண்டு, சம்பளமில்லாமல் நிற்கிற தொழிலாளிகளுக்கு அதே தேக்காவில் இலவசச் சாப்பாடு போடுகிற உள்ளூர் அமைப்பு இருக்கிறது. லாரிப் பிரச்சினையை நாடாளுமன்றத்தில் எழுப்பிய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முன்னாள் பிரதமர் கோ சோக் டோங்கே 2015-இல், துப்புரவாளர்களை எடுத்துவிட்டால் சிங்கப்பூர் குப்பை நகரமாகிவிடும் என்று எழுதினார். அந்த நாட்டுக்காரனுக்குத் தெரிகிறது, அங்கே சுத்தம் வானத்திலிருந்து விழவில்லை என்று. அறந்தாங்கிக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் பிறந்த செயலாளருக்குத்தான் அது ‘சிஸ்டம்’.

எனக்கு எரிச்சல் சிங்கப்பூர் மேல் பாதி. மீதிப் பாதியும் அதற்கு மேலும் இவர் மேல். இவர் ஊருக்குக் கொண்டுவரத் துடிக்கிற சரக்கு சுத்தமே இல்லை. சுத்தம் வேண்டுமானால் தெரு முனைத் தொட்டிவரை நடக்கலாம். அதற்கு நான்கு மணிநேர விமானம் தேவையில்லை. இவருக்கு வேண்டியது கூட்டுகிறவன் கண்ணில் படாத ஏற்பாடு. விடியுமுன் லாரியில் வந்து, இருட்டிய பின் லாரியில் போய், வேலி போட்ட இடத்தில் படுத்து, போட்டோவில் விழாத மனிதன். நம் ஊரின் கூட்டத்தையும் சத்தத்தையும் இவர் வெறுக்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நம் ஊரில் துப்புரவாளர் ரோட்டில் உட்கார்ந்துவிட முடிகிறது என்பதைத்தான் வெறுக்கிறார்.

உட்கார்ந்தார்களே. 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால், பெரும்பாலும் பெண்கள், வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். பல வருஷம் குப்பை அள்ளியவர்கள். பதின்மூன்றாம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு அறிவித்தது. ராத்திரி ஏற்றிக்கொண்டு போனவர்களுக்குக் காலையில் பசிக்கும் என்ற கரிசனம். அந்த வாரம் செயலாளர் சங்கக் குழுவில் ஒரு செய்தி போட்டார்: ‘சென்ட்ரல் பக்கம் போறவங்க வேற ரூட் பாத்துக்குங்க, நியூசன்ஸ்.’ கீழே ஒருவர், ‘சிங்கப்பூர்ல இப்படி நடக்குமா சார்?’ என்று கேட்டிருந்தார். நடக்காது. அங்கே அனுமதியில்லாமல் ஒற்றை ஆள் அட்டை பிடித்து நின்றாலே சட்டவிரோதக் கூட்டம். செயலாளர் அந்தக் கேள்விக்கு இதயம் போட்டிருந்தார்.

திரும்பி வந்த பிறகு பொதுக்குழு. ‘எனது சிங்கப்பூர் அனுபவங்கள்’ என்று ப்ரொஜெக்டர் வைத்துப் பேசினார். அருவி வந்தது, சாலை நடுவில் பூச்செடி வந்தது, தட்டு வைக்கிற படம் வந்தது. டான் டெங் நியா வீட்டு முன்னால் அவர் தன்னந்தனியாக நிற்கிற படத்துக்குக் கைதட்டல். பிறகு தீர்மானங்கள். வீட்டுவேலைக்கு வருகிற பெண்கள் இனிப் பின் வாசல் வழியாக வர வேண்டும். வேலைக்கும் வேலைக்கும் நடுவில் பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது. அவர்களுக்கென்று ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கப்படும். செக்யூரிட்டிகள் நாற்காலியில் உட்காராமல் நிற்பது வளாகத்தின் தோற்றத்துக்கு நல்லது. தாமதமாக வந்தால் அபராதம். தொகை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விவாதம் நடந்தது: அபராதத்தைச் சங்கத்தில் கட்டுவதா, வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வதா. அங்கே லெவி எப்படி வசூலிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார் பொருளாளர். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே குறிப்பெடுத்துக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. வளாகம் பெருக்குகிறவர்களையும் செக்யூரிட்டிகளையும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை என்பதால் ஏகமனதுக்குக் குறைவில்லை.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு பயணக் கட்டுரை தர வேண்டும் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். “நெகட்டிவா எதுவும் வேணாம். க்ளீன் சிட்டி, டிசிப்ளின், அந்த மாதிரி.” இதையே அனுப்புகிறேன். மலரில் போடமாட்டார்; தெரியும். சர்வீஸ் லிஃப்டுக்குள் ஒட்டிவிடட்டும். குடியிருப்பவர்களின் லிஃப்டில் ஒட்டினால் வீண். அந்த பிளாக்கில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அநேகமாக இல்லை.